அளவு: ஒரு கட்டைவிரல்

வூஸ்டர்
3 ஜூன் 1997

ராகேல்,

இந்த உறையில் கடிதத்தோடு ஒரு தாளும் இருக்கிறது. அடுப்புப் பற்றவைக்க எடுத்துவிடாதே. வெளிநாட்டுச் செடிப் பிரியர்களின் சங்கம் நடத்தும் பத்திரிகையின் பக்கம் அது. நம் செடிப் படப் பதிவேட்டிலிருந்து பன்னிரண்டு படங்கள் போட்டிருக்கிறார்கள். பதினோரு வருடம் லெக்கர்சிங் மலைகளில் உன் ஆடுகளுக்குப் பின்னால் நான் அலைந்தது வீண்போகவில்லை. ஆடு மேய்த்த மாதிரியும் ஆயிற்று, அண்ணனுக்குப் பெண் பார்த்த மாதிரியும் ஆயிற்று.

நடுவில் பெரிதாக இருப்பது 88ஆம் படம். வெள்ளை வெங்கச்சங்கல் மேட்டில் நீ காட்டிய பட்டாணி அளவுச் செடிகள். கல்லுக்கும் செடிக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? பக்கத்தில் அளவுக்கு உன் கட்டைவிரல். பிளந்த நகம்கூடத் துல்லியமாக விழுந்திருக்கிறது.

பயப்படாதே, இடத்தின் பெயரைப் போடவில்லை. ஆற்றோரத்துச் செடிகளைத் திருடர்கள் தோண்டிக்கொண்டு போன வருடம் உனக்குக் கொடுத்த வாக்கு எனக்கு நினைவிருக்கிறது. செடியின் தாவரவியல் பெயரும், நீ அன்று சொன்ன உள்ளூர்ப் பெயரும் மட்டும்தான். ‘கிழவிப் பல்’. அந்தப் பெயர் அவர்களுக்கு மிகவும் பிடித்துப்போய்ப் படத்துக்கு மேலே கொட்டை எழுத்தில் போட்டுவிட்டார்கள்.

பதிவேடு முடிந்ததும் அருங்காட்சியகம் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறது. நாலாயிரம் ஸ்லைடு. ஒவ்வொரு செடிக்கும் இரண்டு படம், ஒன்று கிட்டத்தில், ஒன்று அது நிற்கும் நிலத்தோடு. ‘லோம்பார்ட் பதிவேடு’ என்று பெயர் வைப்பார்களாம். எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

மழை பெய்ததா? சுரங்கம் மூடியபிறகு உன் தம்பி அந்திரீஸுக்கு வேலை ஏதாவது கிடைத்ததா? செப்டம்பரில் வருகிறேன்.

வெசல் லோம்பார்ட்


லெக்கர்சிங்
19 ஆகஸ்ட் 1997

வெசல் ஐயாவுக்கு,

கிழவிப் பல் போய்விட்டது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். இனி நடந்ததை எழுதுகிறேன். போன மாதக் கடைசியில் வெள்ளை பிக்கப் வண்டியில் இரண்டு வெளியாட்கள் வந்தார்கள். மூன்று ஊர்களில் விசாரித்துவிட்டு இங்கே வந்து மீட்டாவின் கடையில் நின்றிருக்கிறார்கள். கையில் நீங்கள் எனக்கு அனுப்பிய அதே பக்கம். கிழவிப் பல் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். செடி எங்கே என்று கேட்கவில்லை ஐயா. கிழவிப் பல் எங்கே என்றுதான் கேட்டார்கள்.

அது செடியின் பெயர் இல்லை. அந்த மேட்டின் பெயர். வெள்ளை வெள்ளையாகக் கல் துருத்திக்கொண்டு நிற்கிறதே, அதனால் எங்கள் ஆட்கள் அப்படிச் சொல்வார்கள். ஆடு மேய்க்கிற யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். செடிக்கு எங்களிடம் பெயரே கிடையாது. ஆடு தின்னாததற்கு நாங்கள் பெயர் வைப்பதில்லை.

கடையில் அந்திரீஸ் உட்கார்ந்திருந்தான். அவன்தான் கூட்டிக்கொண்டு போனான். ஏன்டா போனாய் என்று கேட்டேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “அக்கா, அந்தத் தாள்ல உன் விரல் இருந்துச்சு. இரும்புக் கேட்டுல நசுங்கின விரல், எனக்குத் தெரியாதா? உனக்கு வேண்டப்பட்டவங்கன்னு நினைச்சுட்டேன்.”

காட்டியது சரி, என் விரலை நம்பிக் காட்டினான். ஆனால் இரண்டு நாள் அவர்களோடு உட்கார்ந்து ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்தானே, அதற்கு என் விரல் காரணம் இல்லை. பெற்றவள் பொய் சொல்லக் கற்றுத்தரவில்லை, அதனால் எழுதுகிறேன். சாலைச் சோதனையில் மூன்று பேரையும் பிடித்தார்கள். ஆயிரத்து நூறு செடி, கழிப்பறைத் தாளில் சுற்றி, செருப்புப் பெட்டிகளில். வழக்கு முடியும்வரை அந்திரீஸ் வீட்டில் இருக்கிறான். சாப்பிடுவதில்லை. என் முகத்தைப் பார்ப்பதில்லை.

மேட்டுக்குப் போனேன். பல் பிடுங்கின வாய் மாதிரிதான் இருக்கிறது.

போலீஸ் உங்களிடம் படங்களைக் கேட்டு வருமாம். வந்தால், அந்த வெளியாட்களை இங்கே கொண்டுவந்தது உங்கள் பத்திரிகைப் பக்கம்தான் என்று சொல்லுங்கள். அந்திரீஸ் தானாகத் தேடிப்போய் விற்றான் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அது ஒன்றை மட்டும் மாற்றினால் போதும்.

ராகேல் ஓபிஸ்


வூஸ்டர்
2 செப்டம்பர் 1997

ராகேல்,

உன் கடிதத்தைப் படித்து எனக்குத் தலை சுற்றிவிட்டது. ஆயிரத்து நூறு. அந்த மேட்டில் இருந்ததே அவ்வளவுதான்.

நீ எழுதியதைப் பலமுறை யோசித்துப் பார்த்தேன். பெயர் விஷயத்தில் சிறு குழப்பம் நேர்ந்திருக்கலாம். ஆனால் உலகத்தில் எத்தனையோ புத்தகங்களில் உள்ளூர்ப் பெயர்கள் அச்சாகின்றன. அதற்காக யாரும் தோண்டுவதில்லை. தோண்டுவதற்கு ஒரு கை வேண்டும், அந்தக் கை அந்திரீஸுடையது. உன் மனம் நோகும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

போலீஸார் இரண்டு பேர் வந்தார்கள். நல்லவர்கள். அந்த மேட்டின் ஸ்லைடுகளைக் கொடுத்தேன். வாக்குமூலம் எழுதிக்கொண்டார்கள். பத்திரிகைப் பக்கத்தைப் பற்றி அவர்கள் குறிப்பாக எதுவும் கேட்கவில்லை, அதனால் அதைப் பற்றிப் பேச்சு வரவில்லை. படத்தில் இருப்பது யார் விரல் என்று கேட்டார்கள். உன் பெயரைச் சொன்னேன். மறைக்க என்ன இருக்கிறது?

வேலை கொஞ்சம் அதிகம். அருங்காட்சியகத்திலிருந்து அடிக்கடி கூப்பிடுகிறார்கள். செப்டம்பரில் வர முடியாதென்று நினைக்கிறேன்.

வெசல்


லெக்கர்சிங்
20 செப்டம்பர் 1997

ஐயா,

மறைக்க என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். சொல்கிறேன்.

ஸ்ப்ரிங்பாக் போலீஸ் நிலையத்துக்கு வரச்சொல்லி எனக்குத் தாள் வந்தது. திருட்டுக்கு உடந்தை. போனேன். மேசைமேல் 88ஆம் படத்தை வைத்து, அதன் பக்கத்தில் என் கையை வைக்கச் சொன்னார்கள். பிளந்த நகம் இங்கேயும் இருந்தது, அங்கேயும் இருந்தது. “என் விரல்தாங்க, அளவுக்கு வெச்சேன்” என்றேன். “எதை அளக்க?” என்று கேட்டார் அந்த அதிகாரி. மரியாதையாகத்தான் கேட்டார். அப்புறம் அதே விரலில் மை தடவி அமுக்கினார்கள்.

அறுபத்தொரு வயதில் முதல் தடவையாக என்னைத் திருடி மாதிரி உட்காரவைத்தார்கள். திரும்பி வரும்போது பேருந்தில் கையை மடியில் மறைத்துக்கொண்டேன். ஊருக்கு வந்தால் மீட்டா கடையில் எல்லார் முன்னாலும் கேட்கிறாள், “என்ன ராகேல், இன்னிக்கு விரலை யாருக்கு இரவல் குடுத்திருக்கே?” சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். கோயிலில் இராப்போஜனத்துக்கு அப்பம் பிட்டு வைக்கிற வேலை இருபது வருடமாக என்னுடையது. வழக்கு தீரும்வரை வேறொருத்தி செய்யட்டும் என்று சபையில் சொல்லிவிட்டார்கள்.

நம் பதிவேடு, நம் பதிவேடு என்று எழுதுவீர்கள். நீங்கள் அனுப்பிய பக்கங்கள் எல்லாவற்றையும் தகரப்பெட்டியில் வைத்திருக்கிறேன். எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு படத்தின் கீழேயும் உங்கள் பெயர் இருக்கிறது. என் விரல் இருக்கிற இடத்தில் ‘அளவு: கட்டைவிரல்’. யார் கட்டைவிரல்? வானத்திலிருந்து விழுந்ததா?

பதினோரு வருடம் என் பெயரை எழுத உங்களுக்கு வரவில்லை. போலீஸ்காரன் கேட்டவுடன் வந்துவிட்டது.

இனி எழுத வேண்டாம்.

ராகேல் ஓபிஸ்


வூஸ்டர்
28 செப்டம்பர் 1997

கடிதம் வந்தது. பதில் எழுத உட்கார்ந்து நாலு தாளைக் கசக்கிப் போட்டுவிட்டேன். எழுதுகிறேன்.

வெ.


வூஸ்டர்
14 அக்டோபர் 1997

மதிப்புக்குரிய ராகேல் ஓபிஸ் அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்று சொல்லியும் எழுதுகிறேன். படிக்காமல் அடுப்பில் போட்டாலும் எனக்குக் கேட்க வாயில்லை.

ஸ்லைடுகளை எல்லாம் எடுத்து ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். பத்து நாள் ஆயிற்று. முந்நூற்றுப் பன்னிரண்டு படங்களில் உங்கள் கட்டைவிரல் இருக்கிறது. ஆரம்பத்தில் நகம் வழவழவென்றிருக்கிறது. பிறகு பிளந்திருக்கிறது. பிறகு கணு வீங்கி, விரல் கொஞ்சம் வளைந்திருக்கிறது. செடிகளின் பதிவேடு என்று நான் நினைத்துக்கொண்டிருந்த பெட்டிகளில் ஒரு மனுஷியின் கைக்கு வயதானதும் பதிவாகியிருக்கிறது. கை வலிக்கிறதா என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. ‘அசையாதே’ என்றுதான் சொல்லியிருக்கிறேன். என்னைவிட மூன்று வயது மூத்தவரிடம்.

88ஆம் படம் எடுத்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதுதான் பிரச்சினை. இத்தனை நாள் அந்த நினைவின்மேல் நான் பாயைப் போட்டு மூடிக்கொண்டிருந்தேன். நான் குப்புறப் படுத்து லென்ஸில் கண்ணை வைத்திருந்தேன். உங்கள் விரல் செடியருகே இருந்தது. ‘இதை என்ன சொல்வீர்கள்’ என்று கேட்டேன். நீங்கள் ‘கிழவிப் பல்’ என்றீர்கள். உங்கள் ஊரில் யாரும் விரலால் சுட்டுவதில்லை, மோவாயைத் தூக்கித்தான் காட்டுவீர்கள் என்று எனக்குத் தெரியும். நானே அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியவன். நீங்கள் மோவாயால் மேட்டைக் காட்டியிருப்பீர்கள். நான் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. கண்ணில் பட்டது விரலும் செடியும், காதில் விழுந்தது பெயர். இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டேன். ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருந்தால் போதும்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாயைத் திறந்தேன், கெட்டது உங்கள் மேடு.

போலீஸார் பக்கத்தைப் பற்றிக் கேட்கவில்லை என்று எழுதியிருந்தேன். பொய். கேட்டார்கள். ‘அதில் இடத்தின் பெயர் இல்லை’ என்று பதில் சொன்னேன். உங்கள் கடிதம் அப்போது என் சட்டைப் பையில் இருந்தது.

நவம்பர் ஆறாம் தேதி ஸ்ப்ரிங்பாக் கோர்ட்டில் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். நடந்ததைச் சொல்லப்போகிறேன். சொன்னால் அருங்காட்சியகம் கையை விரித்துவிடலாம். வருடக் கடைசியில் சங்கம் தருவதாக இருந்த பதக்கமும் போகும். அதற்குப் பயமாக இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. இத்தனைக்குப் பிறகும் அதை நினைத்துப் பயப்படுகிறேன் என்பதுதான் எல்லாவற்றையும்விட வெட்கமாக இருக்கிறது.

தங்கள்
வெசல் லோம்பார்ட்


லெக்கர்சிங்
17 நவம்பர் 1997

வெசல் ஐயாவுக்கு,

கோர்ட்டில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. குனிந்த தலை நிமிரவே இல்லை.

அந்த வெளியாட்களின் வக்கீல் உங்களை நன்றாக மடக்கினார். “அப்போ திருடங்களுக்கு வழி சொன்னதே நீங்கதானா?” என்று கேட்டார். அரசாங்கத்தின் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள்கூட நீங்கள் இல்லையென்று சொல்வீர்கள் என்றுதான் எதிர்பார்த்தார்கள். நீங்கள் சொன்னதை மனப்பாடமாக வைத்திருக்கிறேன். “ஆமாம். பக்கம் என்னுடையது. பெயரைத் தப்பாகக் கேட்டவன் நான். படத்திலிருக்கிற அம்மா சரியாகத்தான் சொன்னாங்க.” உங்கள் காது இரண்டும் சிவந்திருந்தது. அருங்காட்சியகத்து ஆள் ஒருவர் எழுந்து வெளியே போனதையும் பார்த்தேன்.

என் மேல் போட்டதை எடுத்துவிட்டார்கள். வெளியாட்களுக்குச் சிறை. அந்திரீஸுக்குச் சிறை இல்லை, இரண்டு வருடம் சனிக்கிழமைகளில் வனத்துறை சொல்கிற வேலையைச் செய்ய வேண்டும். வெளியே வந்ததும் அவன் என்னிடம் பேசினான். மூன்று மாதத்தில் முதல் பேச்சு. “அக்கா, பசிக்குது.”

இப்போது என் முறை. உங்களை மட்டும் கூண்டில் நிற்கவிட்டு நான் நல்லவள் வேஷம் போட்டுக்கொண்டிருக்க முடியாது.

நீங்கள் அனுப்பிய பக்கத்தை நான் ஜூன் மாதமே படித்தேன். ‘கிழவிப் பல்’ என்று கொட்டை எழுத்தில் இருந்ததைப் பார்த்தேன். தப்பு என்று அந்த நிமிஷமே தெரிந்தது. மீட்டா கடையில் போன் இருக்கிறது. தபால் வாரம் இரண்டு தடவை போகிறது. பிக்கப் வண்டி வருவதற்கு முன் ஆறு வாரம் இருந்தது. நான் தெரியப்படுத்தியிருந்தால் நீங்கள் அந்தச் சங்கத்துக்குச் சொல்லியிருக்கலாம், நான் ஊர்க்காரர்களிடம் வாயைக் கட்டச் சொல்லியிருக்கலாம். அந்திரீஸிடமாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஏன் தெரியுமா? அதற்குக் கீழே ‘அளவு: கட்டைவிரல்’ என்று இருந்தது. மேட்டுக்குப் பெயர் இருக்கிறது, செடிக்கு இல்லாத பெயரும் இருக்கிறது, எனக்கு இல்லை. எனக்கு எரிந்தது. படித்தவர்கள் யாராவது ஒருநாள் இவருடைய தப்பைக் கண்டுபிடிப்பார்கள், மூக்குடைபடட்டும் என்று நினைத்தேன். உங்கள் மூக்கு உடைவதைப் பார்க்க ஆசைப்பட்டுப் பேசாமல் இருந்தேன். அதற்கு மேடு பலியானது. சபையில் அப்பம் பிட்டு வைக்க என்னைத் திரும்பக் கூப்பிட்டார்கள். இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார்கள். இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்.

இன்னொன்று. செடிகளைத் திரும்ப நட முடியாது, எது எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியாது, அதனால் நாற்றங்காலிலேயே இருக்கட்டும் என்று வனத்துறைக்காரர் கோர்ட்டில் சொன்னார். நீங்கள் அனுமதிகூடக் கேட்காமல் எழுந்து, “எனக்குத் தெரியும். ஒவ்வொரு கல் பிளவும் படத்தில் இருக்கு” என்றீர்கள். நீதிபதி உட்காரச் சொன்னார். ஆனால் வனத்துறைக்காரர் உங்கள் பெயரைக் குறித்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

மே மாதத்தில் முதல் மழை விழும். அதற்குள் அவர்களை இணங்கவையுங்கள். படங்களை எடுத்துக்கொண்டு வாருங்கள். கேமரா வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் ‘நீங்கள்’ என்று இருந்ததைப் பார்த்து, வேறு யாருக்கோ வந்ததைப் பிரித்துவிட்டேனோ என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன். இருக்கட்டும். பழகிக்கொள்கிறேன்.

ராகேல்


வூஸ்டர்
12 மார்ச் 1999

ராகேல்,

இவ்வளவு நாள் எழுதாததற்குக் காரணம் சோம்பல் இல்லை, தட்டச்சு. பிறகு சொல்கிறேன்.

போன மே மாதம் நாம் மூன்று பேரும் அந்த மேட்டில் நட்ட ஒன்பது நாளை நான் நினைக்காத நாளில்லை. நான் படத்தைப் பார்த்து ‘இடது பக்கம், இரண்டாவது பிளவு, ஏழு செடி’ என்று படிப்பேன். அந்திரீஸ் நடுவான். எடுத்த அதே ஸ்க்ரூடிரைவரைத்தான் கொண்டுவந்திருந்தான். அதைப் பற்றி நாம் யாரும் எதுவும் பேசவில்லை. நீங்கள் சாம்பலில் சுட்ட ரொட்டியை மூன்றாகப் பிட்டுக் கொடுத்தீர்கள். அப்போது அவன் அழுததை நான் பார்க்காத மாதிரி இருந்தேன். நானும் அந்த நிலையில்தான் இருந்தேன்.

சங்கம் என் பெயரை நீக்கிவிட்டது. அருங்காட்சியகம் ஒரு வருடம் யோசித்துவிட்டு, பதிவேட்டை வாங்கிக்கொள்கிறோம், ஆனால் பூட்டி வைப்போம், வாசலில் யார் பெயரும் இருக்காது என்று எழுதியிருக்கிறது. சரி என்று சொல்லிவிட்டேன். கொடுப்பதற்கு முன் ஸ்லைடுகளின் சீட்டுகளைப் புதிதாகத் தட்டச்சு செய்தேன். முந்நூற்றுப் பதினோரு சீட்டுகளில் ‘அளவு: ராகேல் ஓபிஸின் வலது கட்டைவிரல்’ என்று இருக்கிறது.

88ஆம் படத்தில் மட்டும் பெயர் போடவில்லை. அதில் ‘கட்டைவிரல்’ என்று மட்டுமே விட்டிருக்கிறேன். உங்களை மேசையில் கை வைக்கச் சொன்ன படம் அது. அந்தத் தலைகுனிவை உங்கள் பெயரோடு சேர்த்து இன்னும் நூறு வருடத்துக்குப் பூட்டி வைக்க எனக்கு மனம் வரவில்லை. நான் செய்தது சரிதானா என்று ஒரு வரி எழுதுங்கள். ஏப்ரல் கடைசியில் பெட்டிகளை அனுப்ப வேண்டும்.

வெசல்


லெக்கர்சிங்
7 ஏப்ரல் 1999

வெசல் ஐயாவுக்கு,

சரியில்லை. எனக்கு நல்லது செய்வதாக நினைத்து மறுபடியும் என்னைக் கேட்காமலே முடிவு செய்துவிட்டீர்கள். இந்தத் தடவை பெட்டியை அனுப்புவதற்கு முன்பாவது கேட்டீர்களே, அதற்குச் சந்தோஷம்.

நேற்று மேட்டுக்குப் போனேன். அந்திரீஸும் வந்தான். இன்று சனிக்கிழமை இல்லையே என்றேன். “அதுக்கென்ன இப்போ” என்றான். வெயில் காலம் முழுக்க எல்லாம் செத்த மாதிரிதான் கிடந்தது, காகிதம் மாதிரி உரிந்துபோய். இப்போது சில இடங்களில் அந்தத் தோலைக் கிழித்துக்கொண்டு பச்சை தெரிகிறது. 88ஆம் படத்துப் பிளவில் நாற்பத்தொன்று நட்டோம். பதினேழு பிழைத்திருக்கிறது. ஒன்றில் பூ, குண்டூசித் தலை அளவு. மற்றவை போய்விட்டன. போனவை போனவைதான்.

மண்டியிட்டு உட்கார்ந்து கட்டைவிரலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ‘அசையாதே’ என்று சொல்ல ஆள் இல்லாததால் விரல் கொஞ்சம் நடுங்கியது. செடி சிறுத்துப்போகவில்லை. படத்தில் இருந்த அதே அளவு. படமெடுக்க யாரும் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

அந்த ஒரு சீட்டை மட்டும் மறுபடியும் தட்டச்சு செய்யுங்கள். மேலே ‘கிழவிப் பல்’ என்று இருப்பதை அடித்துவிடுங்கள். செடிக்குப் பெயர் இல்லை என்று போடுங்கள். கீழே என் பெயரை முழுதாக எழுதுங்கள். அந்தப் படத்தின் வெட்கத்தில் பாதி என்னுடையது.

ராகேல் ஓபிஸ்